ஜிபிஎஸ் வாங்க முன் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்



இந்தக் கிழமை ஒலிப்பதிவில் கையடக்க ஜிபிஎஸ் கருவிகளைப் பற்றிக் கதைத்தோம். நேரம் போதவில்லை, முக்கியமான பாதி விடுபட்டுப் போச்சு. அந்தப் பாதிதான் இந்தக் கடிதம்.

தொடக்கம் ஒரு தம்பி அனுப்பிய கேள்வி. "அண்ணா, நாங்கள் நாலு பேர் கோடையில அடிரொன்டாக் மலைக்கு மூண்டு நாள் போறம். எந்த ஜிபிஎஸ் வாங்கிறது?" அவருக்கு வேண்டியது ஒரு மொடல் பெயர். அதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முதல் என் கதை ஒன்று.

சில வருடங்களுக்கு முன், நவம்பர் நடுப்பகுதி. புவாண்ட்-கிளேரில் இருந்து காலையில் காரை எடுத்துக்கொண்டு தனியே லோரன்டியன் மலைப்பக்கம் போனேன். வெளியே மைனஸ் 6. வரைபடம் எல்லாம் போனில். பின்னேரம் மூன்று மணிக்கு, பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் போனை வெளியே எடுத்தேன். 40 வீதம் சார்ஜ் காட்டியது. வரைபடம் திறக்க முன்னமே திரை கறுத்துப் போச்சு. அந்த மாதத்தில் நாலரைக்கு முன்னமே சூரியன் மறைந்துவிடும். வந்த வழியை நினைவில் வைத்து, இரண்டு முறை பிழையாகத் திரும்பி, இருட்டில் கார் நின்ற இடத்துக்கு வந்து சேர இரவு எட்டு மணி.

வீட்டுக்கு வந்தால் அம்மா அழுதுகொண்டு நிற்கவில்லை. அமைதியாக இருந்தா. "உன்னட்ட ஜிபிஎஸ் இருக்குத்தானே. எங்க நிண்டாலும் பொலிஸ் கண்டுபிடிச்சிடும் எண்டு அப்பாவுக்குச் சொன்னனான்." நான் கணினி படித்தவன், அதில்தான் வேலையும் செய்கிறவன். ஆனால் அம்மா நம்பியிருந்தது சரியில்லை என்று ஒரு நாளும் அவவுக்குச் சொன்னதில்லை. எந்த மலைக்குப் போகிறேன் என்றுகூட நான் சொல்லிவிட்டுப் போகவில்லை.

ஜிபிஎஸ் கேட்கும், பேசாது

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் ஓயாமல் இரண்டு விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்: இப்போது நேரம் என்ன, நான் எங்கே நிற்கிறேன். அந்த அலை உங்கள் கைக்கு வர ஏறக்குறைய 67 மில்லிசெக்கன் எடுக்கும். எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரிந்தால் தூரம் தெரியும். கண்டுபிடிக்க வேண்டியவை நாலு: உங்கள் இடத்துக்கு மூன்று எண்கள், உங்கள் கருவியின் கடிகாரம் எவ்வளவு பிழை என்பதற்கு ஒன்று. அதனால் குறைந்தது 4 செயற்கைக்கோள் தேவை.

இதில் உங்கள் கருவி திருப்பி ஒரு சொல்லும் அனுப்புவதில்லை. அது ஒரு றேடியோப் பெட்டி மாதிரி. செய்தி வாசிப்பவருக்கு நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது எப்படித் தெரியாதோ, அதேபோல ஜிபிஎஸ்ஸுக்கும் நீங்கள் யார், எங்கே என்று தெரியாது. நகரத்தில் அம்மாவின் போனில் உங்கள் புள்ளி தெரிகிறது என்றால், அதை அனுப்பியது செல்போன் வலையமைப்பு. மலையில் அது இல்லை என்றால் புள்ளியும் இல்லை.

ஆகவே கருவி வாங்கப் போகும்போது கேட்கவேண்டியவை மூன்று வேறு வேறு கேள்விகள்: நான் எங்கே நிற்கிறேன்? எந்தப் பக்கம் போவது? ஏதும் நடந்தால் ஆருக்கு, எப்படிச் சொல்வது?

ஒன்று: நான் எங்கே?

2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் அலையை வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. பிழை 100 மீற்றர் வரை போகும். அதை நிறுத்திய பிறகுதான் நடைப்பயணத்துக்கு இது உண்மையில் உதவத் தொடங்கியது. இப்போது ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் சேர்த்தே கருவிகள் கேட்கின்றன. புதியவற்றில் எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசை. அடர்ந்த மரங்களுக்குக் கீழும் பாறைச் சுவர்களுக்கு நடுவிலும் அலை பட்டுத் தெறித்து வரும். எது நேராக வந்தது, எது தெறித்து வந்தது என்று பிரித்தறிய எல்5 உதவும்.

ஆனால் ஒன்று சொல்லவேணும். அண்மைக்கால நல்ல போன்கள் பலவற்றிலும் இந்த வசதி இருக்கிறது. சிம் இல்லாமலும், விமானப் பயண நிலையில் வைத்தாலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். முதல் முறை இடத்தைப் பிடிக்கக் கொஞ்சம் சுணங்கும், அவ்வளவுதான். காரணம், செயற்கைக்கோள் தன் தகவலைச் செக்கனுக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. முழுவதும் வந்து முடிய 12.5 நிமிடம். வலையமைப்பு இருந்தால் போன் அதை இணையத்தில் இருந்து எடுத்துவிடும். ஆகவே துல்லியத்துக்காக மட்டும் தனிக் கருவி வாங்காதேங்கோ.

இரண்டு: எந்தப் பக்கம்?

இடம் தெரிந்தால் போதாது, வரைபடம் வேண்டும். போனில் ஓஸ்ம்அண்ட், ஓர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை இணையம் இல்லாமலும் காட்டும். ஆனால் வீட்டிலேயே இறக்கி வைக்கவேண்டும். தனிக் கருவி வாங்கினால் உயரக்கோடுகள் உள்ள வரைபடம் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸில் இருக்கிறது. அதே குடும்பத்தில் ஈட்ரெக்ஸ் எஸ்ஈயில் இல்லை, அது புள்ளியையும் திசையையும் மட்டும் காட்டும்.

கடதாசி வரைபடமும் திசைகாட்டியும் பையில் இருக்கட்டும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: மொன்றியல் பக்கம் திசைகாட்டி முள் உண்மையான வடக்கைக் காட்டாது. ஏறக்குறைய 14 பாகை மேற்கே தள்ளிக் காட்டும். அதைத் திருத்தாமல் ஒரு கிலோமீற்றர் நடந்தால் சுமார் 250 மீற்றர் விலகிப் போயிருப்பீர்கள்.

மூன்று: ஆருக்குச் சொல்வது?

இங்கேதான் உயிர் தங்கியிருக்கிறது. இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, போனிலேயே உள்ள அவசர சற்றலைட் வசதி. ஐபோன் 14 முதல், 2022 நவம்பரில் இருந்து, இது கனடாவில் வேலை செய்கிறது. நல்ல விஷயம். ஆனால் போனில் சார்ஜ் இருக்கவேண்டும்.

இரண்டாவது, கார்மின் இன்ரீச் போன்ற கருவிகள். இவை 780 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகச் செய்தி அனுப்பவும் வாங்கவும் செய்யும். "அம்மா, கூடாரம் அடிச்சிட்டம், சுகம்" என்று எழுதலாம், அம்மா பதில் போடலாம். எஸ்ஓஎஸ் பொத்தானும் உண்டு. ஆனால் சந்தா கட்டியிருந்தால்தான் வேலை செய்யும். பொத்தான் இருக்கிறது என்று நம்பி, சந்தாவை உயிர்ப்பிக்காமல் மலைக்குப் போகாதேங்கோ.

மூன்றாவது, 406 மெகாஹேர்ட்ஸ் தனிநபர் அவசர பீக்கன். சந்தா கிடையாது, கதைக்கவும் ஏலாது. இழுத்து அமுக்கினால் 24 மணித்தியாலமாவது உதவி கேட்டுக் கத்தும், அவ்வளவுதான். கனடாவின் பீக்கன் பதிவேட்டில் இலவசமாகப் பதிய வேண்டும். இதைக் கேட்கும் கொஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு ஏற்பாட்டைக் கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் சேர்ந்து 1979இல் தொடங்கின. 1982 செப்டம்பரில் அது முதன்முதலாக உயிர் காத்தது இங்கே கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் விழுந்த ஒரு சிறு விமானத்தில் இருந்தவர்களை. அதன் செயலகம் இப்போது இருப்பது எங்கள் மொன்றியலில்!

பற்றரி, பொத்தான், குளிர்

போன் இருக்கப் பிறகேன் தனிக் கருவி? என் நவம்பர் கதைதான் பதில். பல போன்களின் கையேட்டில் 0 முதல் 35 பாகை வரைதான் பயன்படுத்தச் சொல்லியிருக்கும். குளிரில் லித்தியம்-அயன் பற்றரியின் உள்தடை கூடும், மின்னழுத்தம் திடீரென்று இறங்கும், 40 வீதம் காட்டிக்கொண்டே போன் நின்றுவிடும். குளிரில் போனை உடுப்புக்குள், உடம்போடு ஒட்டி வையுங்கள்.

ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு டபிள்-ஏ பற்றரியில் 25 மணித்தியாலம் ஓடும் என்கிறது கார்மின். தீர்ந்தால் மாற்றிப் போடலாம். அல்கலைன் பற்றரி குளிரில் சோர்ந்துவிடும். லித்தியம் டபிள்-ஏ வாங்குங்கள், மைனஸ் 40 வரை தாங்கும். பொத்தான்கள் இருப்பதால் கையுறையோடும் மழையிலும் இயக்கலாம். திரை வெயில் பட்டாலும் தெளிவாகத் தெரியும். போனில் இவை இரண்டும் கஷ்டம்.

சரி, எதை வாங்குவது?

ஒரு நாள் நடை, கோடை காலம்: ஒன்றும் வாங்கவேண்டாம். போன், இறக்கிய வரைபடம், பவர் பேங்க், கடதாசி வரைபடம் போதும்.

இரண்டு மூன்று இரவு, செல்போன் வலையமைப்பு நம்பமுடியாத இடம்: கேள்வி கேட்ட தம்பி, இது உங்களுக்கு. வரைபடத்துக்குப் போன், செய்திக்கு இன்ரீச் மினி 2 போன்ற ஒன்று. 100 கிராம்தான். நாலு பேர் பங்கு போட்டு ஒன்று வாங்கலாம். சந்தா கட்ட விருப்பமில்லையென்றால் பீக்கன்.

குளிர்காலம், நீண்ட தோணிப் பயணம், தனியே போவது: பொத்தான் உள்ள தனிக் கருவி வேண்டும். ஜிபிஎஸ்மேப் 67ஐயில் வரைபடமும் இன்ரீச்சும் சேர்ந்தே இருக்கின்றன. பற்றரி உள்ளேயே பொருத்தியது, 165 மணித்தியாலம் வரை என்கிறார்கள். மாற்றக்கூடிய பற்றரிதான் வேணும் என்றால் ஜிபிஎஸ்மேப் 65எஸ், அதோடு ஒரு பீக்கன்.

எண்ணை வாசிக்கப் பழகுங்கள்

உதவி கேட்கும்போது இடத்தைச் சொல்லத் தெரியவேண்டும். புவாண்ட்-கிளேர் ஏறக்குறைய வடக்கே 45.45 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 60 மினிட், ஆகவே அதை 45 பாகை 27 மினிட் என்றும் எழுதலாம். ஆனால் 45.45ஐ அவசரத்தில் "45 பாகை 45 மினிட்" என்று சொல்லிவிட்டால்? 18 மினிட் வித்தியாசம், அதாவது 33 கிலோமீற்றர். நீங்கள் புவாண்ட்-கிளேரில் நிற்க, உங்களைச் சென்-ஆன்-தெ-பிளேனில் தேடுவார்கள். கருவியின் அமைப்பில் எந்த வடிவம் இருக்கிறது என்று இப்பவே பாருங்கள். சொல்லும்போது "புள்ளி" என்ற சொல்லையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோக முன்

இதைக் கட்டாயம் வாசியுங்கள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் சற்றலைட் தொடர்புக் கருவி வைத்திருப்பது சட்டப்படி குற்றம். இன்ரீச்சும் அதில் அடங்கும். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் இன்ரீச் வைத்திருந்த ஒரு கனடாப் பெண்ணைப் பிடித்து வைத்தார்கள். நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போகும் ஆசையில் அதைப் பையில் போட்டுவிடாதேங்கோ. தமிழ்நாட்டில் 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர் இறந்தார்கள். 2024 அக்டோபரில் இருந்து அங்கே வனத்துறையே "ட்ரெக் தமிழ்நாடு" என்று வழிகாட்டியோடு 40 பாதைகளில் கூட்டிப்போகிறது. அங்கே அதுதான் சரியான வழி. இலங்கைக்கு என்றாலும் கொண்டுபோக முன் விதியைக் கேட்டறியுங்கள்.

இந்தக் கிழமை வீட்டுப்பாடம்

ஏதும் வாங்க முன் இதைச் செய்யுங்கள். புவாண்ட்-கிளேர் டெரா-கோட்டா பூங்காவோ, உங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள வேறு மரச்சோலையோ சரி. வீட்டில் வரைபடத்தை இறக்குங்கள். வாசலில் நின்று போனை விமானப் பயண நிலையில் போடுங்கள். நிற்கும் இடத்தைக் குறித்துவிட்டு, அரை மணித்தியாலம் உள்ளே நடந்து, குறித்த இடத்துக்கே திரும்பி வாருங்கள். வழியில் ஒரு இடத்தில் நின்று உங்கள் எண்களைச் சத்தமாக வாசியுங்கள்.

பிறகு அம்மாவோடோ அப்பாவோடோ ஐந்து நிமிடம் இருந்து, ஜிபிஎஸ் ஏன் உங்களைக் காட்டிக்கொடுக்காது என்று தமிழில் விளங்கப்படுத்துங்கள். அடுத்த முறை போகும்போது ஒரு துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்: எந்த மலை, எந்தப் பாதை, கார் எங்கே நிற்கும், எத்தனை மணிக்குள் வராவிட்டால் 911க்கு அடிக்கவேண்டும். எங்கள் வீட்டில் அந்த நவம்பருக்குப் பிறகு அப்படித்தான். துண்டு ஒட்டாமல் அம்மா கார்த் திறப்பைத் தரமாட்டா.

அடுத்த கிழமை பவர் பேங்குகளைப் பற்றிக் கதைப்போம். கேள்விகளை அனுப்புங்கோ.