ஷேர்பாயிண்ட்டா, ஜோஹோவா, சொந்த சர்வரா? நிறுவன உள்வலைத் தளம் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஆலை, சென்னையில் தலைமை அலுவலகம், வெளிமாநிலத்தில் இரண்டு கிடங்கு என்று வளர்ந்துவிட்ட ஒரு நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். நெய்வேலியிலிருந்து களிமண் வந்து இறங்கிய ரசீது ஒருவரின் வாட்ஸ்அப்பில் கிடக்கிறது. சூளைப் பதிவேடு இன்னொருவரின் எக்ஸெலில். டெண்டருக்குக் கேட்கும் இன்சுலேட்டர் சோதனைச் சான்றிதழ், வேலையை விட்டுப் போனவரின் மெயிலில். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்போம் என்று முடிவானதும், விற்க வருபவர்கள் வசதிப் பட்டியலை நீட்டுவார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த ஐந்து வருடம் இந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்பதுதான் முதல் கேள்வி.

சொந்த சர்வரில் ஷேர்பாயிண்ட்

2001 முதல் பெரிய அலுவலகங்களில் வேரூன்றிய தளம். 2016, 2019 பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் குறித்திருக்கும் ஆதரவுக் கெடு 2026 ஜூலை 14. எனவே இனி இந்த வழியில் போகிறவர்களுக்கு ‘சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன்’ மட்டுமே. அதோடு விண்டோஸ் சர்வர், எஸ்க்யூஎல் சர்வர், பேக்கப் என்று எல்லாமே நம் தலையில். 2025 ஜூலையில் உலகமெங்கும் சொந்த சர்வர் ஷேர்பாயிண்ட்கள் தாக்கப்பட்டன; ஆன்லைன் பதிப்புக்கு அந்த ஓட்டை இல்லை. பேட்ச் போட்டதோடும் வேலை முடியவில்லை. திருடப்பட்ட சாவியைக் கொண்டு மறுபடி நுழைய முடியும் என்பதால், சர்வரின் மெஷின் கீ-களையும் மாற்ற வேண்டியிருந்தது. அப்படியொரு அறிவிப்பு ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் உடனே உட்கார்ந்து வேலை பார்க்க ஆள் இருந்தால் இதை எடுங்கள். தரவு வளாகத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டாயம் உள்ள நிறுவனங்களுக்குத்தான் இது பொருந்தும்.

ஷேர்பாயிண்ட் ஆன்லைன்

சர்வர் கவலை இல்லை. வேர்டு, எக்ஸெல், டீம்ஸ் எல்லாம் ஏற்கெனவே ஓடும் அலுவலகத்துக்கு இயல்பான அடுத்த படி. நிறுவனத்துக்கு 1 டெராபைட், அதன்மேல் ஒவ்வொரு உரிமத்துக்கும் 10 ஜிபி என்று இடம் கிடைக்கும். 300 பேர் என்றால் சுமார் 4 டெராபைட். தாராளமாகத் தோன்றும், ஆனால் கோப்பின் பழைய பிரதிகளும் இந்தக் கணக்கில்தான் சேரும். 20 எம்பி வரைபடத்தை 100 முறை திருத்திச் சேமித்தால் 2 ஜிபி வரை போய்விடும். எத்தனை பிரதி வைப்பது என்பதை முதல் நாளே அமைத்துவிடுங்கள். அழித்த கோப்பு 93 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அதைப் பேக்கப் என்று நம்ப வேண்டாம்.

ஜோஹோ

1996-ல் தொடங்கிய தமிழ்நாட்டு நிறுவனம். உள்வலைக்குக் கனெக்ட், கோப்புகளுக்கு ஒர்க்டிரைவ், சொந்தச் செயலி கட்டக் கிரியேட்டர். ‘தரவு இந்தியாவிலேயே இருக்கும்’ என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட்டுக்கும் 2015 முதல் சென்னை, புனே, மும்பையில் தரவு மையங்கள் உண்டு. கிரியேட்டரின் டெலூஜ் மொழி எளிது. நிரல் தெரியாத கணக்குப்பிள்ளையும் விடுப்பு விண்ணப்பம், கேட் பாஸ் போன்றவற்றைக் கட்டிவிடலாம். அந்த நிரல் ஜோஹோவுக்கு வெளியே ஓடாது என்பதுதான் விலை. தனி ஐடி பிரிவு இல்லாத நடுத்தர நிறுவனத்துக்கு நல்ல தேர்வு.

நெக்ஸ்ட்கிளவுட்

2016-ல் ஓன்கிளவுடிலிருந்து பிரிந்த திறமூல மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை. லினக்ஸ் தெரிந்தவரின் சம்பளம் உண்டு. பதிப்பு உயர்த்தும்போது ஒவ்வொரு பெரிய பதிப்பாகத்தான் ஏற முடியும். இரண்டு வருடம் விட்டுவிட்டால் வரிசையாக அத்தனை படியும் ஏற வேண்டும். தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று: லினக்ஸின் வழக்கமான கோப்பு முறையில் பெயருக்கு 255 பைட் வரம்பு. ‘விருத்தாசலம்’ நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. கணினிக்கு 12 குறியீடு, 36 பைட். இத்தகைய ஏழு சொற்களைக் கோத்தால் வரம்பு முடிந்தது. ஷேர்பாயிண்ட் ஆன்லைனிலும் முழுப் பாதைக்கு 400 குறியீடுதான். பெயர் சுருக்கமாக இருக்கட்டும். விவரத்தைத் தனிப் பத்திகளில் போடுங்கள்.

நிரல் எழுதும் முன்

எந்தத் தளமானாலும் வரம்புகளைத் தெரிந்துகொண்டு வடிவமைப்பதே பாதி வேலை. மூன்று சூளை, மணிக்கு ஒரு வெப்பப் பதிவு: நாளுக்கு 72 வரி. ஷேர்பாயிண்ட் பட்டியலில் ஒரே பார்வைக்கான வரம்பு 5,000. 70-ஆம் நாள் அதைத் தாண்டிவிடும். அதற்குமேல் வடிகட்டியோ வரிசைப்படுத்தியோ பார்க்கப்போனால் பிழை வரத் தொடங்கும். சொந்த சர்வரில் நிர்வாகி வரம்பை உயர்த்தலாம், ஆன்லைனில் முடியாது. பட்டியல் சிறிதாக இருக்கும்போதே தேதி, சூளை எண் பத்திகளுக்கு இண்டெக்ஸ் போட்டு, ‘கடைசி ஏழு நாள்’ என்று வடிகட்டும் பார்வையை இயல்பாக வைத்துவிட்டால் லட்சம் வரி ஆனாலும் ஓடும். இதற்கு ஒரு வரி நிரலும் தேவையில்லை.

எனவே வரிசை இது: முதலில் தளத்தின் சொந்த அமைப்புகள், போதாவிட்டால் ஷேர்பாயிண்ட்டில் பவர் ஆட்டோமேட், ஜோஹோவில் டெலூஜ், அதுவும் போதாவிட்டால்தான் நிரல். சர்வருக்குள் ஆழமாகப் போய் எழுதிய பழைய ஷேர்பாயிண்ட் ஃபார்ம் சொல்யூஷன்கள் ஆன்லைனுக்கு வரவே முடியாமல் நின்றன. 2010 ஒர்க்ஃப்ளோக்கள் ஆன்லைனில் 2020-ல் நிறுத்தப்பட்டன. 2013 ஒர்க்ஃப்ளோக்களுக்கும் ஆட்-இன்களுக்கும் ஆன்லைனில் குறித்த கடைசி நாள் 2026 ஏப்ரல் 2. ஷேர்பாயிண்ட்டில் புதிதாக எழுதுவதென்றால், 2017-ல் வந்த, உலாவியில் ஓடும் ஷேர்பாயிண்ட் ஃபிரேம்வொர்க்கில் மட்டும் எழுதுங்கள். மூல நிரல், கடவுச்சொற்கள், குறிப்புகள் மூன்றும் ஒப்பந்தக்காரரிடம் அல்ல, உங்களிடம் இருக்க வேண்டும்.

நிர்வாகத்தில் மறக்கக் கூடாதவை

அனுமதியை ஆள் பெயருக்குக் கொடுக்காமல் குழுவுக்குக் கொடுங்கள். ஒருவர் மாற்றலாகிப் போனால் குழுவிலிருந்து எடுத்தால் போதும். ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு உரிமையாளர்கள் இருக்கட்டும். வெளியாருக்குப் பகிர்ந்த இணைப்புகளுக்குக் காலாவதி தேதி வையுங்கள். வருடம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு கோப்புறையை மீட்டுப் பாருங்கள்.

எதை எடுக்கலாம்?

ஐடி ஆளே இல்லையா: ஜோஹோ. ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் உரிமம் இருக்கிறதா: ஷேர்பாயிண்ட் ஆன்லைன். லினக்ஸ் தெரிந்த இருவர் நிலையாக இருக்கிறார்களா: நெக்ஸ்ட்கிளவுட். சட்டமோ ஒப்பந்தமோ கட்டாயப்படுத்துகிறதா: சொந்த சர்வர் ஷேர்பாயிண்ட், அதற்கேற்ற ஆள்பலத்தோடு. எதையானாலும் ஒரே ஒரு துறையில், உங்கள் உண்மையான கோப்புகளை வைத்து, மூன்று மாதம் ஓட்டிப் பார்த்த பிறகே மொத்த உரிமத்துக்குப் பணம் கட்டுங்கள்.