அவசர சிகிச்சைப் பிரிவில் ஏன் இவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்? கணினி மாதிரிகள் சொல்லும் பாடம்



வயதான அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு இரவு நேரத்தில் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போன அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. மணிக்கணக்கில் கதிரையில் இருந்து களைத்தபின், "இன்னும் இரண்டு டொக்டர்மாரைப் போட்டால் என்ன?" என்று மனதுக்குள்ளாவது கேட்டிருப்போம். நியாயமான கேள்விதான். ஆனால் டொக்டர்மாரைக் கூட்டினால் வரிசை குறையுமா? இதற்கு விடை தேடும் ஆய்வாளர்கள் கையாளும் ஒரு முறையை இம்முறை அறிந்துகொள்வோம்.

கணினிக்குள் ஒரு வைத்தியசாலை

புதிய மருந்தை முதலில் ஆய்வுகூடத்தில் சோதிக்கலாம். வைத்தியசாலையை அப்படிச் சோதிக்க முடியாது. "பத்துக் கட்டில்களை எடுத்துவிட்டு என்ன நடக்கிறதென்று பார்ப்போம்" என்றால் பாதிக்கப்படுவது நோயாளிகள். ஆகவே வைத்தியசாலையைப் போல ஒரு மாதிரியைக் கணினியில் உருவாக்கி, அதில் மாற்றங்களைச் செய்து பார்க்கிறார்கள். இதைச் சிமுலேஷன் என்பார்கள். இதில் முக்கியமாக மூன்று வழிகள் உண்டு.

1. குளத்து முறை. ஊரில் குளத்தைப் பார்த்திருப்போம். வாய்க்காலால் தண்ணீர் வருகிறது, மதகால் போகிறது. வரவு கூடிப் போக்குக் குறைந்தால் குளம் நிரம்பி வான் பாயும். நோயாளர் தொகையையும் இப்படிக் கணக்கிடலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி நிறுவனத்தில் ஜே ஃபொரெஸ்டர் 1950களில் உருவாக்கிய முறை இது. முழுப் பிரதேசத்தையும் பல ஆண்டுகளுக்குப் பார்க்க உதவும். ஆனால் தனி நோயாளி இதில் தெரியமாட்டார். குளத்தில் ஒரு துளியைத் தேட முடியாதல்லவா?

2. வரிசை முறை. ஒவ்வொரு நோயாளியும் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது தாதி பார்த்தார், எக்ஸ்ரேக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று நிமிடக் கணக்கில் பின்தொடர்வது. எந்த மேசையில் தடங்கல் என்பதை இது காட்டும். ஆனால் வைத்தியசாலைக் கதவுக்கு வெளியே நடப்பது பெரும்பாலும் இதற்குள் வராது.

3. ஆள் முறை. கணினிக்குள் இலட்சக்கணக்கான ஆட்களை உருவாக்கி, அவர்களுக்கு வீடு, பாடசாலை, வேலைத்தலம் கொடுத்து, யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்று பார்ப்பது. 2020 மார்ச்சில் லண்டன் இம்பீரியல் கல்லூரி கோவிட் தொற்றுக்கு இப்படியொரு மாதிரியைப் பயன்படுத்தியது. எந்தக் கட்டுப்பாடும் இல்லாவிட்டால் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மூன்றிலுமாக ஏறத்தாழ 5,10,000 பேர் இறக்கலாம் என்றும், தீவிர சிகிச்சைக் கட்டில்களின் தேவை இருப்பதைவிட 30 மடங்குக்கு மேல் போகலாம் என்றும் அது கணக்கிட்டது.

இரண்டு ஆய்வுகள்

2000ஆம் ஆண்டில் டேவிட் லேனும் அவருடைய சகாக்களும் லண்டன் போதனா வைத்தியசாலை ஒன்றின் அவசரப் பிரிவைக் குளத்து முறையில் ஆராய்ந்தார்கள். கட்டில்களைக் குறைத்தால் அவசரப் பிரிவில் காத்திருப்பு நீளும் என்றுதான் நாம் நினைப்போம். மாதிரியில் அது பெரிதாக நீளவில்லை. பதிலாக, முன்கூட்டியே திகதி குறித்த சிகிச்சைகள் இரத்தாகின. அவசர நோயாளிக்கே கட்டிலில் முதலிடம் என்பதால், அடுத்த வாரம் முழங்கால் சத்திரசிகிச்சைக்கு வரவேண்டியவரின் இடம் போய்விடுகிறது. அவசரப் பிரிவின் மணிக்கூட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பாதிப்புக் கண்ணில் படாது.

அடுத்தது நொட்டிங்ஹாம். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் சாலி பிரெய்ல்ஸ்ஃபோர்டும் சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இது. சுகாதார, சமூக சேவைகளில் பணிபுரியும் 30 பேரிடம் விபரம் கேட்டு, நோயாளிகள் போகும் பாதைகளை வரைந்து மாதிரியாக்கினார்கள். வைத்தியசாலைக் கட்டில்கள் நிரம்புவதில் அதிக செல்வாக்குச் செலுத்தியது குடும்ப வைத்தியர்கள் அனுப்பும் அனுமதிகள்தான் என்று தெரிந்தது. வயோதிபர்களில் ஒரு சிறு தொகையினருக்கு அவசர அனுமதி தேவைப்படாமல் தடுத்தாலே, ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் கட்டில் நிரப்பம் 1 வீதம் குறையும் என்றும் மாதிரி காட்டியது. வரிசை நிற்பது வைத்தியசாலை வாசலில், அது தொடங்குவது வீட்டில் என்பதே இதன் பொருள்.

இணைத்துப் பார்த்தால்

சில பிரச்சினைகளுக்கு ஒரு முறை போதாது. போர்ட்ஸ்மவுத்தில் கிளமிடியா என்ற பாலியல் தொற்றைப் பற்றிச் செய்த ஆய்வு நல்ல உதாரணம். வெட்கப்பட்டு நாம் பேசாமல் விடும் விடயம் இது. ஆனால் இந்தத் தொற்றுப் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. கவனிக்காமல் விட்டால் பெண்களுக்குக் குழந்தைப்பேறு இல்லாமற் போகவும் கூடும். கண்டுபிடித்தால் அன்டிபயோட்டிக் மாத்திரையால் குணமாக்கலாம்.

இங்கே கிளினிக்கை வரிசை முறையிலும், ஊரில் தொற்றுப் பரவுவதைக் குளத்து முறையிலும் அமைத்தார்கள். கணினியில் ஒவ்வொரு மாதமும் முடியும்போது இரண்டும் கணக்கைக் கைமாற்றிக்கொள்ளும். கிளினிக்கில் இடமில்லாமல் திரும்பியவர்கள் ஊரில் மற்றவர்களுக்குத் தொற்றைக் கொடுக்கிறார்கள். அடுத்த மாதம் இன்னும் அதிகமானோர் கிளினிக்குக்கு வருகிறார்கள். வரிசை நீள்கிறது, தொற்றும் கூடுகிறது. கிளினிக்கை மட்டும் பார்த்தவருக்கு ஆட்கள் ஏன் கூடுகிறார்கள் என்று விளங்காது. ஊரை மட்டும் பார்த்தவருக்குச் சிகிச்சை எங்கே தடைப்படுகிறது என்று தெரியாது.

ஒன்றை மறக்கக் கூடாது. மாதிரி என்பது சாத்திரம் அல்ல. கொடுக்கும் விபரம் பிழையென்றால் விடையும் பிழை. இணைத்த மாதிரியில் ஒரு பகுதியின் பிழை மற்றப் பகுதிக்கும் தொற்றிவிடும். அதனால்தான் நல்ல ஆய்வாளர்கள் தமது கணக்கை உண்மையான பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

இந்த மாதிரிகளில் ஓடும் எண்கள் நாமும் எங்கள் பெற்றோரும்தான். ஆகவே இங்கிலாந்தில் வாழும் எங்கள் குடும்பங்களுக்குச் சில ஆலோசனைகள்:

• நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், கை விழுதல், பேச்சுக் குழறல் என்றால் யோசிக்காமல் உடனே 999ஐ அழையுங்கள். "சனம் கூட, காலையில் பார்ப்போம்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

• உயிராபத்து இல்லாத, ஆனால் உடனே கேட்கவேண்டிய பிரச்சினைக்கு 111. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம்.

• தொண்டை நோ போன்ற 7 வகை நோய்களுக்கு 2024 ஜனவரியில் இருந்து ஃபார்மசியிலேயே ஆலோசனையும் தேவையான மருந்தும் பெறலாம்.

• 65 வயதுக்கு மேற்பட்டோர் குளிர்காலம் தொடங்குமுன் இலவச ஃப்ளூ தடுப்பூசியைப் போடுங்கள். சீனி, பிரஷர் மருந்துகளை இடையில் நிறுத்த வேண்டாம்.

• அம்மாவை வார்டில் சேர்த்த அன்றே, வீடு திரும்பினால் யார் பார்ப்பது, படியேற முடியுமா, என்ன உதவி தேவை என்று தாதியரோடு பேசுங்கள். குணமான ஒருவர் நேரத்துக்கு வீடு திரும்பினால், வாசலில் காத்திருக்கும் இன்னொருவரின் அம்மாவுக்குக் கட்டில் கிடைக்கும்.

• பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகும் வயதில் பாலியல் தொற்றுப் பற்றி வீட்டில் பேசுங்கள். பரிசோதனை இலவசம், விபரம் இரகசியமாக வைக்கப்படும் என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்த முறை அந்தக் கதிரையில் இருக்க நேர்ந்தால், முன்னால் நிற்கும் தாதியைக் கோபிக்கு முன் இதை நினைத்துக்கொள்வோம். அவர் பார்ப்பது வரிசையின் கடைசி முனையை மட்டும்தான். மற்ற முனை எங்கள் வீடுகளில் இருக்கிறது.