நீர் வழியும் நகர எல்லையும்

சென்னைப் பெருநகரின் புவியியலைப் பயில விரும்புவோர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது, அது ஏறக்குறையத் தட்டையான நிலம் என்பதே. கொசத்தலையாறு, கூவம், அடையாறு ஆகியவை கிழக்கு நோக்கி ஓடிக் கடலிற் கலக்கின்றன. பக்கிங்காம் கால்வாய் வடக்குத் தெற்காகச் செல்கிறது.

ஆட்சிப் பிரிவுகளின் வரலாறு வேறு. 1688-இல் தோன்றிய சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று. அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் உள்ளிட்ட 9 நகராட்சிகளுடன் பேரூராட்சிகளும் ஊராட்சிகளுமாக 42 உள்ளாட்சிகள் அதில் இணைந்தன. ஆவடி 2019-இலும் தாம்பரம் 2021-இலும் தனி மாநகராட்சிகளாயின. (பெயர்ப் பலகை எழுதுவோர்க்கு நல்ல காலம்!)

நான் வசிப்பது செம்பாக்கத்தில். எங்கள் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வெளியேறும் நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. பின்னர் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம். 2015 டிசம்பரில் எங்கள் வீட்டினுள் முழங்காலளவு நீர் நின்றது. மனுவுடன் சென்ற என் தந்தையாரிடம், "அடைப்பு எங்கள் எல்லையில் இல்லை" என்றனர் ஓர் அலுவலகத்தில். அடுத்த அலுவலகத்திலும் அதே விடைதான்.

அதன்பின் ஒருநாள் வரைபடத்தில் இந்நீர்வழியை நீல மையால் வரைந்து பார்த்தேன். 2021-இன் இணைப்புக்குப் பின்னும் அதன் தலைப்பு தாம்பரம் மாநகராட்சியில், நடுப்பகுதி சென்னை மாநகராட்சியில், முகத்துவாரமோ இரண்டிற்கும் வெளியே.