சாப்பாட்டு நேரத்தில் டீச்சரின் வேலை

அங்கன்வாடியில் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் திணறுவது மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான். காய் போட்ட சாதத்தைப் பார்த்ததும் ஒரு பிள்ளை முகத்தைத் திருப்பும், இன்னொன்று வாயை இறுக மூடிக்கொள்ளும். பதற வேண்டாம். இரண்டு வயது முதல் ஆறு வயதுவரை பழகாத உணவைக் கண்டு ஒதுங்குவது வளர்ச்சியில் வரும் ஒரு கட்டம். உங்களிடம் வரும் பிள்ளைகள் எல்லாம் அந்த வயதில்தான் இருக்கின்றன.

முதலில் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது உங்கள் முடிவு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் வகுத்த முறை இது. ஊட்டி முடித்தால்தான் மனசு ஆறும் நமக்கு இதை ஏற்பது கடினம்தான். ஆனால் வற்புறுத்தி ஊட்டினால் அந்த உணவின்மேல் வெறுப்புதான் வளரும். கீரை தின்றால் மிட்டாய் என்று பேரம் பேசினாலும் பிள்ளையின் மனதில் உயர்ந்து நிற்பது மிட்டாய்தான்.

வீட்டில் கிடைக்காத பெரிய பலம் ஒன்று உங்கள் மையத்தில் இருக்கிறது. அதுதான் பந்தி. லியான் பர்ச் என்ற உளவியலாளர் 1980இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு காயை அவ்வளவாக விரும்பாத மழலையரை அதை விரும்பும் பிள்ளைகளோடு உட்காரவைத்தார். சில நாட்களிலேயே அவர்களும் அந்தக் காயை எடுக்கத் தொடங்கினார்கள். ஆகவே யார் பக்கத்தில் யார் என்பதை யோசித்து உட்காரவையுங்கள். முட்டையை ஒதுக்கும் பிள்ளைக்கு இருபுறமும் முட்டையை ஆசையாகத் தின்னும் பிள்ளைகள் இருக்கட்டும். நீங்களும் ஆயாவும் அதே சாப்பாட்டை அவர்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுங்கள்.

புதியதைக் கோலிக்குண்டு அளவே வையுங்கள், பழகிய சாதத்துக்குப் பக்கத்தில் தனியாக. ஒளித்துக் கலக்காதீர்கள், கண்டுபிடித்துவிட்டால் அந்தச் சாதத்தையும் தொடாது. முகர்ந்து பார்க்கட்டும், நக்கிவிட்டுத் துப்பட்டும். பத்துப் பதினைந்து முறை தட்டில் வந்தபிறகே சில பிள்ளைகள் வாயில் வைக்கும். மூன்றாம் நாளே 'இவனுக்குப் பிடிக்காது' என்று முடிவுகட்டுவதுதான் நம்மிடம் அதிகம் காணும் பிழை. ஒரு நோட்டில் தேதி, உணவு, தொட்டானா, கடித்தானா என்று குறித்துவையுங்கள். மஞ்சள் கரு வறண்டு தொண்டையில் ஒட்டுவதால் வெள்ளைக்கருவை மட்டும் தின்னும் பிள்ளைகள் உண்டு. பிள்ளையின் கண்முன்னே மஞ்சள் கருவைப் பருப்புச் சாதத்தில் மசித்துக் கொடுத்துப் பாருங்கள். காலையில் முருங்கைக்கீரை உருவவும் பட்டாணி உரிக்கவும் கூட்டிக்கொள்ளுங்கள். கை பழகியதை வாய் அவ்வளவு மறுக்காது.

வரும் வழியில் பிஸ்கட், சிப்ஸ் வாங்கித் தர வேண்டாமென அம்மாக்களிடம் தன்மையாகச் சொல்லுங்கள். பிள்ளை காதுபட "இன்னைக்கும் சாப்பிடலம்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள். "கேரட்டைக் கையில எடுத்துப் பார்த்தான்மா" என்று சொல்லலாமே.

எல்லா மறுப்பும் வயதால் வருவதல்ல. மாத எடை ஏறாமல் நின்றால், விழுங்கும்போது இருமினால், ஓர் உணவுக்குப்பின் தடிப்போ வாந்தியோ வந்தால், நாலைந்து உணவைத் தவிர எதையுமே தொடாவிட்டால் காத்திருக்காதீர்கள். கிராம சுகாதார செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். ஆண்டுக்கு இருமுறை மையத்துக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அந்த நோட்டையும் காட்டுங்கள். எந்த உணவு, எத்தனை நாளாக என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார்.