நீரிலும் வானிலும் சமநிலை: ஒரு மாதிரி நீர்விமானம் கற்றுத்தந்த பாடம்

விமானம் ஏறவும் இறங்கவும் ஓடுபாதை வேண்டும். எங்கள் ஊரான புளியங்குளத்தில் அப்படி ஒன்று இல்லை. ஏ9 வீதி இருக்கிறது. அதில் பஸ்ஸும் லொறியும்தான் ஓடும். ஆனால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு குளம் இருக்கிறது. கடந்த விடுமுறையில் விடுதியிலிருந்து வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்தக் குளத்தையே ஓடுபாதையாக்கினால் என்ன என்று நானா கேட்டார். வானொலி அலையால் இயங்கும் மாதிரி நீர்விமானம் ஒன்றைச் செய்யும் வேலை அப்படித்தான் தொடங்கியது.

நான் உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறேன். விசையின் திருப்பம், ஈர்வை மையம், ஆக்கிமிடீசின் தத்துவம் எல்லாம் பரீட்சைத் தாளில் வருபவை என்றே நினைத்திருந்தேன். அவை ஒரு றெஜிபோம் துண்டுக்குள்ளும் இருக்கின்றன என்பதை இந்த வேலையில் கண்டேன். நான் செய்த பிழைகளையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

கொஞ்சம் வரலாறு

ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு பிர்னாஸ், இறகுகளால் சிறகு செய்து பறக்க முயன்றார் என்று பிற்கால வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதியிருக்கிறார். அவர் சிறிது தூரம் பறந்தாராம். இறங்கும்போதுதான் முதுகில் அடிபட்டது. பறவை இறங்குவதற்கு வால் எவ்வளவு முக்கியம் என்பதைக் கவனிக்காமல், வால் வைக்காமல் விட்டதே காரணம் என்கிறது அந்தக் குறிப்பு. சிறகு தூக்கிவிடும், ஆனால் சமநிலைக்கு வால் வேண்டும் என்பது அந்தக் கதையிலேயே இருக்கிறது.

தண்ணீரிலிருந்து தன் இயந்திரத்தின் வலுவால் முதன்முதலில் எழுந்தவர் பிரான்ஸ் நாட்டின் ஹென்றி பாபர். 1910 மார்ச் 28 ஆம் திகதி மார்செய் நகருக்கு அருகிலுள்ள ஓர் உப்பேரியில் அவர் பறந்தார்.

எங்கள் நாட்டிலும் நீர்விமானங்களுக்குப் பெரிய வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை வாவி பிரித்தானிய விமானப்படையின் நீர்விமானத் தளமாக இருந்தது. அங்கிருந்து கட்டலீனா விமானத்தில் புறப்பட்ட கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், 1942 ஏப்ரல் 4 ஆம் திகதி இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது, அந்தச் செய்தியால் நகரம் முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டிருந்தது.

1943 முதல் 1945 வரை அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் கொக்கலைக்கும் இடையில் குவாண்டாஸ் நிறுவனத்தின் கட்டலீனாக்கள் இடையில் எங்கும் இறங்காமல் பறந்தன. பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைக் காண்பார்கள். 5,500 கிலோமீற்றருக்கும் அதிகமான அந்தத் தூரத்துக்கு எரிபொருளே பெரும்பாரமாக இருந்ததால், மூன்று பயணிகளுக்கு மட்டுமே இடமிருந்தது. எதை ஏற்றுவது, எதை விடுவது என்ற கணக்கு பெரிய விமானத்துக்கும் உண்டு, எங்கள் சின்ன விமானத்துக்கும் உண்டு.

நீர்விமானம் இரண்டு வகைப்படும். கட்டலீனாவின் உடலே படகு போல் தண்ணீரில் மிதக்கும். மற்றைய வகையில் சாதாரண விமானத்தின் கீழே சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு மிதப்பிகள் இருக்கும். நாங்கள் செய்தது இரண்டாவது வகை.

பொருட்களும் பொருத்துதலும்

நானா வவுனியாவில் தொலைபேசி திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறார். உடைந்த மாதிரி விமானம் ஒன்றின் மோட்டர், ரிசீவர், கட்டுப்பாட்டுக் கருவி, இரண்டு சேர்வோ மோட்டர்கள் ஆகியவற்றை மலிவாக வாங்கி வந்தார். வாப்பாவின் கடைக்கு வந்த குளிர்சாதனப் பெட்டிகளின் பொதியில் றெஜிபோம் கிடைத்தது. சிறகுக்கு உறுதி கொடுக்க மூங்கில் குச்சிகள் எடுத்தோம்.

சிறகின் நீளம் 1 மீற்றர், அகலம் 20 சென்ரிமீற்றர். உடலின் நீளம் 80 சென்ரிமீற்றர். சிறகின் இரு நுனிகளையும் சற்று மேல்நோக்கி வைத்தோம். விமானம் ஒரு பக்கம் சரிந்தால் தானாக நிமிர இது உதவும். ஒரு சேர்வோ வாலின் சுக்கானையும், மற்றது வாலின் கிடைத்தகட்டில் உள்ள மடலையும் அசைக்கும்.

ஒட்டும்போது ஒரு விடயத்தைக் கவனியுங்கள். சில கம் வகைகள் றெஜிபோமைக் கரைத்துவிடும். முதலில் கழிவுத் துண்டொன்றில் பூசிப் பாருங்கள். நாங்கள் இரண்டு குழாய்களைக் கலந்து ஒட்டும் எபொக்சியைப் பாவித்தோம். ரிசீவரைத் தண்ணீரிலிருந்து காக்க ஒரு பலூனுக்குள் போட்டுக் கட்டினோம்.

மிதப்பிகளின் கணக்கு

மிதக்கும் பொருள் தன் நிறைக்குச் சமமான நீரை இடம்பெயர்க்கும். 700 கிராம் விமானம் மிதப்பதற்கு 700 கன சென்ரிமீற்றர் நீர் இடம்பெயர வேண்டும். அவ்வளவு கனவளவு மட்டும் இருந்தால் மிதப்பிகள் முழுவதும் தாழ்ந்துவிடும், சிறு அலையே கவிழ்த்துவிடும். ஆகவே ஏறக்குறைய இரண்டு மடங்கு கனவளவு வைப்பார்கள்.

60 சென்ரிமீற்றர் நீளம், 5 அகலம், 4 உயரமுள்ள கட்டையின் கனவளவு 1,200. முன்பக்கத்தைப் படகு போல் வளைத்து, பின்பக்கத்தைச் சரித்து, அரத்தாளால் தேய்த்தபின் ஏறக்குறைய 800 மிஞ்சியது. இரண்டும் சேர்ந்து 1,600. இது போதும்.

மிதப்பியின் அடிப்பகுதியில், நடுவுக்குச் சற்றுப் பின்னால் ஒரு ‘படி’ வெட்ட வேண்டும். தண்ணீர் வழுவழுப்பான அடிப்பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். வேகம் கூடும்போது இந்தப் படியில் நீர் பிரிந்து காற்று புகும். மிதப்பி நீரின்மேல் சறுக்கத் தொடங்கும். படி இல்லாவிட்டால் விமானம் குளம் முழுக்க ஓடும், ஆனால் எழும்பாது.

காற்றுக்கான சமநிலை

எங்கள் சிறகு போன்ற நேரான சிறகுக்கு, ஈர்வை மையம் சிறகின் முன் விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருக்க வேண்டும். 20 சென்ரிமீற்றர் அகலத்துக்கு நாங்கள் 5.5 சென்ரிமீற்றரில் கோடு போட்டோம். பற்றரி, மிதப்பி எல்லாம் பூட்டியபின், கோட்டின் கீழே இரு பக்கமும் விரல் வைத்துத் தூக்கினோம். வால் கீழே தொங்கியது. விரலை நகர்த்திப் பார்த்தபோது 7.5 சென்ரிமீற்றரில்தான் விமானம் சமமாக நின்றது. அதாவது 2 சென்ரிமீற்றர் பின்னால்.

மொத்தத் திணிவு 680 கிராம். குறித்த கோட்டைப் பற்றித் திருப்பம் எடுத்தால் 680 × 2 = 1,360. இதை முன்பக்கத்தால் ஈடுசெய்ய வேண்டும். 90 கிராம் பற்றரியை முன்னால் நகர்த்தினோம். மூக்குப் பகுதியில் இடமிருந்தது 9 சென்ரிமீற்றருக்கு மட்டும். 90 × 9 = 810. மீதி 550. மூக்கின் நுனி கோட்டிலிருந்து 22 சென்ரிமீற்றர் முன்னால் இருக்கிறது. 550 ஐ 22 ஆல் பிரித்தால் 25. வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளில் 25 கிராம் எடுத்து மூக்கில் ஒட்டினோம். விமானம் விரல் நுனியில் அசையாமல் நின்றது. கணக்கில் வந்த விடை கையில் நிற்பதைப் பார்த்தபோது உண்டான சந்தோஷத்தை எந்தப் புள்ளியும் எனக்குத் தந்ததில்லை.

ஆச்சி

பறக்கவிட முன்னர் குளக்கரையில் மோட்டரை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். மெல்லிய ஒரே சீரான இரைச்சல். பக்கத்து வீட்டு ஆச்சி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகோடு எழுந்து நின்று வானத்தைப் பார்த்தார். நாங்கள் மோட்டரை நிறுத்திய பிறகும் பார்த்துக்கொண்டே நின்றார்.

“என்ன பிள்ளை, அது எங்க சுத்துது?” என்று கேட்டார்.

நானா விமானத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். ஆச்சி உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகுதான் சொன்னார். “நாங்கள் வண்டு எண்டு சொல்லுவம் தம்பி. அது மேல சுத்தினா, பிறகு கிபிர் வரும். பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள்ள ஓடுவம்.”

யுத்தம் முடிந்தபோது எனக்கு இரண்டு வயது. வாப்பாவின் குடும்பம் 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்தது. ஆகவே அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்குப் பௌதிகவியலாகக் கேட்டது ஆச்சிக்கு வேறொன்றாகக் கேட்டிருக்கிறது. என் கணக்கில் நான் சேர்க்காமல் விட்டது அதைத்தான்.

அன்று வேலையை நிறுத்திவிட்டோம். பின்னர் உம்மாவும் நானும் சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் போய், என்ன செய்கிறோம், எந்த நேரத்தில் சத்தம் வரும் என்று சொன்னோம். கிராம அலுவலருக்கும் பொலிசாருக்கும் அறிவித்து, அனுமதி பற்றி விசாரிக்கும் வேலையை நானா எடுத்துக்கொண்டார். “இது பொம்பிளப் புள்ளைக்கு என்னத்துக்கு?” என்று முதல் நாளில் கேட்ட உம்மாதான், வீடு வீடாக வந்து எனக்காகப் பேசினார்.

தண்ணீர் சொன்ன திருத்தம்

விமானத்தை முதல் தடவை நீரில் ஓட்டியபோது முழு வேகத்திலும் மூக்கு எழும்பவில்லை. மிதப்பியின் படி, ஈர்வை மையத்துக்கு 6 சென்ரிமீற்றர் பின்னால் இருந்தது. விமானம் படியை ஊன்றியே மூக்கைத் தூக்கும். படி தூரத்தில் இருந்தால் பாரம் முழுவதும் முன்னால் நின்று அழுத்தும். படி ஈர்வை மையத்துக்குச் சற்றே பின்னால் இருப்பதுதான் சரி. எனவே 120 கிராம் மிதப்பிகளை 5 சென்ரிமீற்றர் முன்னால் நகர்த்திப் பூட்டினோம்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மிதப்பியை நகர்த்தியதால் முன்பக்கத் திருப்பம் 120 × 5 = 600 ஆல் கூடிவிட்டது. மூக்கிலிருந்த ஈயத்தின் திருப்பம் 550. ஈயத்தைக் கழற்றிவிட்டோம்! மிஞ்சிய வித்தியாசம் ஈர்வை மையத்தை ஒரு மில்லிமீற்றர்கூட நகர்த்தாது. தண்ணீருக்குரிய இடத்தில் மிதப்பியை முதலிலேயே வைத்திருந்தால், தேவையற்ற 25 கிராமை ஏற்றியிருக்க மாட்டோம். காற்றுக்கு ஒரு சமநிலை, நீருக்கு ஒரு சமநிலை என்று பிரித்துப் பார்த்ததே என் பிழை. ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும்.

இரண்டாவது ஓட்டத்தில் விமானம் இடப்பக்கமே திரும்பியது. இரண்டு மிதப்பிகளையும் கழற்றி நிறுத்தபோது இடது மிதப்பி 22 கிராம் கூட. ஒட்டிய இடைவெளியால் தண்ணீர் புகுந்திருந்தது. வெயிலில் காயவைத்து எபொக்சியால் அடைத்தோம்.

செய்ய விரும்புவோர் கவனத்துக்கு

ஆளில்லாமல் பறக்கும் எந்தப் பொருளுக்கும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் உண்டு. அவற்றை முதலில் கேட்டறியுங்கள். வீட்டில் மோட்டரைச் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றிவிடுங்கள். அது விரலை வெட்டும். கட்டுப்பாட்டுக் கருவியை முதலில் போட்டு, கடைசியில் நிறுத்துங்கள். பற்றரி சார்ஜ் ஏறும்போது அதைத் தனியே விட்டுப் போகாதீர்கள். எப்போதும் காற்றுக்கு எதிராகவே எழுப்புங்கள், காற்றுக்கு எதிராகவே இறக்குங்கள். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கரையில் நிற்க வேண்டும். வன்னியில் இருப்பவர்களுக்கு இன்னுமொன்று: பழக்கமில்லாத பற்றைக்குள் விமானம் விழுந்தால் எடுக்கப் போகாதீர்கள். மிதிவெடி அபாயம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. விமானத்தை மறுபடி செய்யலாம்.

அந்த மாலை

சொன்ன நாளில் அஸர் தொழுகைக்குப் பின் குளக்கட்டில் ஐந்தாறு பேர் கூடினார்கள். ஆச்சியும் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். காற்று மெல்ல வீசியது. விமானம் நீரைக் கிழித்து ஓடி, படியில் எழுந்து சறுக்கி, தண்ணீரை விட்டுக் கிளம்பியது. குளத்தின் எல்லைக்குள்ளேயே தாழ்வாக ஒரு சுற்று வந்து, நாற்பது செக்கன் அளவில் மீண்டும் நீரில் இறங்கியது.

ஆச்சி என்னிடம் கேட்டார்: “இது தண்ணியில மட்டுந்தான் இறங்குமோ பிள்ளை?”

“ஓம் ஆச்சி.”

“அப்ப இன்னொருக்கா விடுங்கோ.”

நாங்கள் இன்னொரு தடவை விட்டோம்.