மீர்ஷாம் சுங்கான்: கல், இணைப்பு, நிறம்

பழைய மீர்ஷாம் சுங்கான்களைத் தேடி வாங்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் செதுக்கிய உருவத்தில் மயங்கியே விலை பேசுகிறார்கள். தலைப்பாகை அணிந்த துருக்கியர் தலை, முட்டையைப் பற்றிய பருந்தின் கால், மது தெய்வமான பாக்கஸின் முகம் என்று 19ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர்கள் திரும்பத் திரும்பச் செதுக்கிய உருவங்கள் கண்ணைப் பறிப்பவையே எனினும், இப்பொருளோடு நெடுங்காலம் பழகியவர்கள் முதலில் பார்ப்பது கல்லை, அடுத்து இணைப்பை, பிறகு நிறத்தை. உருவத்தின் அழகு அதன் பின்னரே கணக்கில் வரும்.

மீர்ஷாம் என்பது செபியோலைட் என்னும் கனிமம். மக்னீசியமும் சிலிக்காவும் நீரும் சேர்ந்த, நுண்துளைகள் நிறைந்த வெள்ளைக் கல். துருக்கியின் எஸ்கிசெஹிர் வட்டாரத்தில் நிலத்தடியிலிருந்து கட்டி கட்டியாக வெட்டியெடுக்கப்படும் இது, ஈரமாக இருக்கையில் கத்திக்கு இணங்கும் மென்மையும், உலர்ந்தபின் தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு எடைக்குறைவும் உடையது. அங்கிருந்து வியன்னா, புடாபெஸ்ட், ஜெர்மனியின் ரூலா ஆகிய ஊர்களின் பட்டறைகளுக்குப் போன கல்லைச் செதுக்கியபோது உதிர்ந்த சில்லும் தூளும்கூட வீணாகவில்லை. அவற்றை அரைத்து, பிணைக்கும் பொருள் கலந்து, அச்சில் இறுக்கி ‘அழுத்திய மீர்ஷாம்’ என்ற மலிவான மாற்றை உருவாக்கினார்கள். முழுக்கல்லில் மங்கலான திட்டுகளோ மெல்லிய இழைகளோ தென்படுவதுண்டு. அழுத்தியதில் ஒரே சீரான, உயிரற்ற வெண்மை இருக்கும், புகையின் நிறமும் அதில் அவ்வளவு எளிதில் ஏறாது. ஆகவே புதியவர்கள் குறையென்று ஒதுக்கும் சிறு இழையே முழுக்கல்லுக்குச் சான்றாகிவிடுவதும் உண்டு. புகையிலை நிரப்பும் கிண்ணத்தின் விளிம்பிலிருந்தோ காம்பின் வாயிலிருந்தோ தொடங்கி ஓடும் கோட்டை மட்டும் விரிசலோ என்று ஐயுற வேண்டும்.

இணைப்பு என்பது கல்லால் ஆன காம்பும் வாயில் வைக்கும் துண்டும் சேரும் இடம். உயர்தரச் சுங்கான்களில் வாய்த்துண்டு ஆம்பரால், அதாவது மண்ணில் புதைந்து இறுகிய தொன்மரப் பிசினால் செய்யப்பட்டிருக்கும். எலும்பாலான சிறு திருகு ஒன்று அதைக் காம்போடு பிணைக்கும். ஆம்பர் எளிதில் உடைவது என்பதால், இன்று கிடைப்பவற்றில் பலவற்றுக்குப் பிற்காலத்தில் பேக்கலைட்டிலோ செல்லுலாய்டிலோ மாற்றுத் துண்டு பொருத்தப்பட்டிருக்கிறது. செல்லுலாய்டை விரலால் அழுத்தித் தேய்த்தால் இலேசான கற்பூர வாடை எழும். ஆம்பர்தானா என்றறியச் சூடேற்றிய ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையைச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. விலைமதிப்புள்ள பொருளில் துளையிட்டு அதன் மதிப்பை அறிவது வேடிக்கையான வழி.

இணைப்பைச் சுற்றிய வெள்ளிப்பட்டையில் டயானா தேவியின் தலை பொறித்த முத்திரை இருந்தால், அது 1867க்கும் 1922க்கும் இடையில் ஆஸ்திரிய, ஹங்கேரிய ஆட்சிப்பகுதியில் தரம் பார்க்கப்பட்ட வெள்ளி. அம்முத்திரையில் காணும் ‘ஏ’ என்ற எழுத்து வியன்னா அலுவலகத்தைக் குறிக்கும். எனினும் முத்திரை பட்டையின் காலத்தைத்தான் சொல்லுமே தவிரக் கல்லின் காலத்தை அன்று. விரிசலை மறைக்கப் பின்னாளில் பட்டை கட்டுவதும் வழக்கமே. தோலுறையின் பட்டு உட்புறத்தில் பொன்னெழுத்தில் காணும் பெயருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அது பலமுறை விற்ற கடையின் பெயரே, செதுக்கியவருடையது அன்று. சுங்கான் தன் உறையின் குழிவில் ஆடாமல் அசையாமல் அமர்கிறதா என்று பார்ப்பது, பெயரை நம்புவதைவிடப் பயனுள்ளது.

ஏமாற்றுக்கு மிகுதியும் இடம் தருவது நிறம்தான். செதுக்கி முடித்த கல்லை உருகிய தேன்மெழுகில் முக்கியெடுப்பது மரபு. பிறகு புகைக்கப் புகைக்கக் கல் உறிஞ்சும் புகையிலைச் சாறு, வெப்பமும் மெழுகும் துணைசெய்ய, மேற்பரப்பில் மஞ்சளாகவும் தேன்நிறமாகவும் அடர்ந்த பழுப்பாகவும் படிப்படியாக வெளிப்படுகிறது. இந்நிறம் பொதுவாகக் காம்பிலும் கிண்ணத்தின் அடியிலும் முதலில் ஏறி மேல்நோக்கி வெளிறிக்கொண்டே போகும். வண்ணம் கலந்த மெழுகில் தோய்த்துப் பழமை காட்டிய சுங்கானிலோ நிறம் எங்கும் ஒரே அளவாக இருக்கும், செதுக்கிய தலையின் சுருள்முடி இடுக்குகளில் மட்டும் தேங்கிக் கருத்திருக்கும். வெளியே நூறாண்டுப் பழுப்பும் உள்ளே கரிபடாத கிண்ணமுமாக ஒன்று கிடைத்தால் அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை. ஒருமுறையும் புகைக்கப்படாத வெண்ணிறச் சுங்கானைச் சிலர் உயிரற்றது என்பார்கள். உளியின் நுட்பம் நிழலும் ஒளியுமாகத் தெளிவாகப் புலப்படுவது அதில்தான் என்பதால், சிற்பத்தை விரும்புவோருக்கு அதுவே உகந்தது.

வாங்கியபின் நேரும் கேடுகளில் பெரும்பங்கு அளவுமீறித் துலக்குவதால் வருவது. தண்ணீர் பட்டால் கல் இளகும். சாராயம் ஆம்பரின் மெருகைக் கெடுக்கும். சுரண்டினால் பல்லாண்டு ஏறிய நிறம் ஒரு நிமிடத்தில் போய்விடும். உலர்ந்த மென்துணியால் தூசியைத் துடைத்து, புகைவழியை உலர்ந்த பஞ்சுக்கம்பியால் தூய்மைசெய்தால் போதும். திருகைக் கழற்றும்போது செதுக்கிய தலையைப் பற்றாமல் இணைப்பை ஒட்டியே பிடிக்க வேண்டும், இறுகியிருந்தால் வலிந்து திருகக் கூடாது. சிதையும் செல்லுலாய்டிலிருந்து வெளிப்படும் ஆவி பிற பொருள்களையும் அரிப்பதால், அவ்வகைத் துண்டுள்ளவற்றை மூடிய பெட்டியில் மற்றவற்றோடு சேர்த்து வைக்கலாகாது. நேரில் பாராமல் வாங்குபவர் உருவத்தின் முகப்புப் படத்தோடு நிறைவடையாமல், கிண்ணத்தின் உட்புறம், அடிப்பகுதி, திருகு கழற்றிய நிலையில் காம்பின் வாய் ஆகியவற்றின் படங்களையும் கேட்டுப் பெற வேண்டும்.