நட்டத்திலும் ஒரு பாடம்

2008 ஆகஸ்ட்டில் ஸ்பேஸ்எக்ஸ் கம்பனியின் பால்கன் 1 ரொக்கட் மூன்றாவது தடவையும் தோற்றது. என்ஜின் அணைந்த பின்னும் சிறிது உந்துவிசை மிஞ்சியதால், கழன்ற கீழ்ப்பகுதி மேற்பகுதியில் மோதியது. கம்பனியின் பணமும் தீரும் நிலை. ஆனாலும் அவர்கள் ரொக்கட்டையே மாற்றவில்லை. காரணத்தைக் கண்டறிந்து, என்ஜினை அணைப்பதற்கும் பகுதிகளைப் பிரிப்பதற்கும் இடையிலான நேரத்தைக் கூட்டினார்கள். செப்டெம்பர் 28இல் நான்காவது ரொக்கட் சுற்றுப்பாதையை அடைந்தது.

நமது கடைத்தெருவில் நான் காண்பது வேறு. நட்டம் வந்தால் சிலர் "நஸீப்" என்று கொப்பியை மூடிவிடுவார்கள். சிலர் சரக்கு, விலை, ஆட்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவார்கள். பிறகு எது பிழை என்றே தெரியாது.

நட்டமும் அல்லாஹ்வின் நாட்டமே. காரணத்தைத் தேடுவது நமது கடமை. முதலில் கொஞ்சம் மிச்சம் வைத்து, பிழைத்த இடத்தை மட்டும் திருத்துங்கள்.